படகை வரையாமல் படகுத்துறையை வரைவது

ஆள் முகம், கோயில் கோபுரம், பித்தளைக் குடத்தில் விழும் வெளிச்சம் எல்லாம் ஓரளவு கைக்கு வந்த பிறகு அரூபம் பக்கம், அதாவது எந்தப் பொருளையும் அடையாளம் காட்டாத ஓவியத்தின் பக்கம், திரும்புகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கை சும்மா இருக்காது. வளைவாக ஒரு கோடு போட்டால் அது கழுத்தாகிவிடும், பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் கண்ணாகிவிடும். இதிலிருந்து தப்பிக்கக் கரியைத் தேய்த்து, மையைச் சிதறவிட்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் தாள் அசல் 'மாடர்ன் ஆர்ட்' மாதிரி இருக்கும். நாலு பேர் லைக்கும் போடுவார்கள். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் அதில் நின்று பார்க்க ஒன்றும் இருக்காது.

நான் இருப்பது வடசென்னையில், தண்டையார்பேட்டையில். கன்டெய்னர் சரக்கு கையாளும் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. பள்ளிக்கூடத்தில் பிடித்த ஓவியம், நடுவில் விட்டுப்போய், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வார இறுதி வகுப்பில் மறுபடி ஒட்டிக்கொண்டது. அங்கே நிழல், அளவு, பெர்ஸ்பெக்டிவ் எல்லாம் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தார்கள். அரூபம் பற்றிக் கேட்டபோது மட்டும் "மனசுல தோணறத வரைங்க மேடம்" என்று முடித்துவிட்டார்கள். மனதில் தோன்றுவது பெரும்பாலும் ஏற்கெனவே எங்கேயோ பார்த்த படம்தானே? எனக்கு வழி காட்டியது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அதிலும் மீன்பிடித் தடைக்காலத்துக் காசிமேடு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மற்ற மாதங்களில் துறைமுகத்தில் நின்று வரைய இடம் கிடைக்காது. ஐஸ் வண்டி, மீன் கூடை, ஏலச் சத்தம், காலடியில் வழுக்கும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம். தடைக்காலத்தில் படகுகள் ஒன்றோடொன்று நெருங்கி வரிசையாக நின்றுவிடும். பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள், வலையைச் சரிபார்ப்பார்கள். அவர்களுக்கு அது வருமானம் முடங்கும் காலம். அந்த நேரத்தில் தாளும் பென்சிலுமாகப் போய் நிற்கிறோம் என்கிற நினைப்பு இருந்தால் நல்லது. யாருடைய படகு என்று விசாரித்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

எப்போது போகிறோம் என்பது முக்கியம். கடல் நமக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் வெளிச்சம் படகுகளுக்குப் பின்னாலிருந்து வரும். பெயர், கொடி, பெயின்ட் எல்லாம் மங்கி, படகுகள் கறுத்த வடிவங்களாகத் தெரியும். சாயங்காலம் ஊர்ப் பக்கத்து வெயில் நேராக விழுந்து ஆணி வரைக்கும் காட்டிக்கொடுக்கும். விவரத்தோடு வரைய வேண்டுமானால் சாயங்காலம் போகலாம். அரூபத்துக்குக் காலைதான். பாதி விஷயத்தை வெளிச்சமே நமக்காக அழித்துக் கொடுத்துவிடும்.

இரண்டு படகுகள் அருகருகே நிற்கும்போது நடுவில் ஒரு கறுத்த இடுக்கு விழுகிறது. மூக்குகள் வளைந்திருப்பதால் ஓரிடத்தில் அகலம், ஓரிடத்தில் குறுகல். உரசாமல் இருக்கத் தொங்கவிட்ட பழைய டயர் அந்த இடுக்கை ஓர் இடத்தில் அடைக்கும். டயருக்குக் கீழே எண்ணெய் மிதக்கும் தண்ணீர். குறுக்கே ஒரு கயிறு, பாதி வெளிச்சத்திலும் பாதி இருட்டிலும். நான் படகுகளை அப்படியே விட்டுவிட்டு இந்த இடுக்கை மட்டும் வரைய ஆரம்பித்தேன். அடுத்த இடுக்கு, அதற்கடுத்த இடுக்கு என்று ஒரே தாளில் போய்க்கொண்டே இருந்தபோது தாளில் வந்தது எதற்கும் பெயர் இல்லை. ஆனால் எதுவும் இட்டுக்கட்டியதும் இல்லை. ஒவ்வொரு வளைவும் அங்கே இருந்து வந்தது.

பொருளைச் சுற்றியுள்ள இடத்தைப் பார் என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். அது பொருளின் அளவு சரியாக விழுவதற்காக. இங்கே அந்தப் பொருளைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை என்பதுதான் வித்தியாசம். இடுக்கை வரைந்துவிட்டு, "சரி, கொஞ்சம் படகையும் காட்டிவிடலாம்" என்று கை போகும். போக விடாதீர்கள்.

எந்த இடத்தை வரைவது என்று தேர்ந்தெடுக்க ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை போதும். அட்டையின் நடுவே, நீங்கள் வரையும் தாளின் அதே நீள அகல விகிதத்தில் ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். கையை நன்றாக நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். கண்ணருகே வைத்தால் துறைமுகம் முழுக்க உள்ளே வந்துவிடும். அது நமக்கு வேண்டாம். ஜன்னலின் நாலு ஓரத்தில் மூன்றையாவது ஏதோ ஒன்று முட்டி வெளியே போகிற மாதிரி நகர்த்துங்கள். நடுவில் தனியாக மிதக்கும் எந்த வடிவத்தையும் கண் உடனே ஒரு பொருளாக நினைத்துக்கொள்ளும். ஓரத்தில் வெட்டுப்பட்டால் அந்த நினைப்பு தளர்ந்து, வடிவத்தையே பார்க்கத் தொடங்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகு என் தாள்கள் மாறியது எனக்கே தெரிந்தது.

ஒருநாள் காலையில், பக்கத்துப் படகுக்காரரின் அம்மா என்று நினைக்கிறேன், வந்து நின்றார்.

"இன்னாம்மா வரைஞ்சிகினு கீற? காட்டு."

காட்டினேன்.

"போட்டு எங்க இதுல?"

"போட் இல்லம்மா. ரெண்டு போட்டுக்கு நடுவுல இருக்கிற எடம்."

"அத்த இன்னாத்துக்கு வரையற? போட்ட வரைஞ்சி குடுத்தாலும் வூட்ல மாட்டலாம்." தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இப்டி வெச்சா பரவால்ல" என்று கையில் கொடுத்துவிட்டு, ஏணியில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பையனைத் திட்டப் போய்விட்டார்.

தலைகீழாக நிஜமாகவே பரவாயில்லைதான். கறுப்பெல்லாம் கீழே தேங்கிக் கிடந்தது, திருப்பியதும் மேலிருந்து அழுத்தியது; தாளுக்கு ஓர் இழுவிசை வந்தது. அன்று முதல், பாதி வேலையிலேயே தாளை நாலு பக்கமும் திருப்பிவிடுகிறேன். துறைமுகத்தில் மேல் கீழ் உண்டு. தாளில் அது நாம் முடிவு செய்வது. பிறகு அந்த அம்மாவுக்கு ஒரு படகும் வரைந்து கொடுத்தேன். டயர் ஒன்று குறைகிறது என்றார்.

ஆனால் அந்த இடத்தில் வரைந்தது பெரும்பாலும் முதல் படிதான். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பார்த்து இன்னொன்று வரையுங்கள். துறைமுகத்துப் போட்டோவை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் இரண்டாவது தாளையும் மூடிவைத்துவிட்டு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் சில கோடுகள் தானாகக் கழன்றுவிடும், சில பிடிவாதமாகத் திரும்ப வரும். திரும்ப வருகிறவைதான் உங்களுக்கு அந்த இடத்தில் கிடைத்தவை.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. டச்சு ஓவியர் பியட் மாண்ட்ரியன் 1908-லிருந்து 1912 வரை மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். முதலில் அது மரம். போகப் போகக் கிளைகள் வில் வில்லாக வளைந்து, கிளைகளுக்கு நடுவிலுள்ள வெளியும் கிளை அளவுக்குக் கனத்துவிடுகிறது. அதைவிட எனக்கு நெருக்கமானது, 1915 வாக்கில் அவர் டோம்பர்க் கடற்கரையில் கடலுக்குள் நீளும் மரத் தடுப்பையும் கடலையும் வைத்துச் செய்தவை. ஒரு நீள்வட்டத்துக்குள் சின்னச் சின்னப் படுக்கைக் கோடும் நெட்டுக் கோடும், அவ்வளவுதான். ஆனால் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படுக்கைக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், இடையிடையே தூண்டில் வளைவுகள், அதாவது கரை அரிப்பைத் தடுக்கப் போட்ட கல் சுவர்கள், கடலுக்குள் நீண்டிருக்கின்றன. ஒரு தூண்டில் வளைவின் முனையையும் அலையையும் வைத்து இந்த மூன்று தாள் பயிற்சியைச் செய்து பாருங்கள். கல் ஒவ்வொன்றையும் வரைய உட்கார்ந்தால் பொழுது போய்விடும்; எந்தக் கல்லை விடுவது என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்விக்காகத்தான் அங்கே போகச் சொல்கிறேன்.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். 6பி பென்சிலை விடுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பென்சில் நிழலை மெதுமெதுவாக ஏற்றலாம், தயங்கலாம், அழிக்கலாம். அந்தத் தயக்கம் முழுக்க அரூபத் தாளில் அப்படியே தெரியும். எனக்கு உதவியது தென்னை ஈர்க்குச்சி. துடைப்பத்திலிருந்து ஒன்றை உருவி, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒடித்து, முனையைச் சாய்வாகச் சீவி, கறுப்பு இந்தியன் இங்க்கில் தோய்த்து வரைவது. தோய்த்தவுடன் கோடு தடித்து ஈரமாக விழும், கொஞ்ச தூரத்தில் மெலியும், பிறகு வறண்டு கீறலாகும். கோடு எவ்வளவு நீளம் போகும் என்பதைக் குச்சியில் உள்ள மைதான் தீர்மானிக்கும். எங்கே தோய்ப்பது, எங்கே வறண்டுபோக விடுவது என்று முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். முனையைக் கல்லில் நசுக்கி நாராக்கினால் இன்னொரு வகைக் கோடு. இரண்டு குச்சிக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வகை வகையாகக் கோடு கிடைக்க ஆரம்பித்தால் தாள் சாம்பிள் புத்தகமாகிவிடும்.

இந்த இடத்தில் யாராவது கோலத்தைப் பற்றிச் சொல்வார்கள். "நம்ம ஊர்ல ஆயா எல்லாரும் அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட்டிஸ்ட்தானே" என்று. எனக்கு முழு ஒப்புதல் இல்லை. சிக்குக் கோலத்தில் கோடு எங்கே திரும்ப வேண்டும் என்பதைப் புள்ளி சொல்லிவிடுகிறது. அரூபத்தில் அந்தப் புள்ளிகளே கிடையாது. ஆனால் அழிக்காமல் போடும் தைரியமும், மணிக்கட்டைப் பூட்டிவிட்டுத் தோளிலிருந்து கையை ஓட்டும் பழக்கமும் கோலம் போட்டவர்களுக்கு இருக்கும். அது பெரிய சொத்து. மேஜையில் உட்கார்ந்து வரைகிறவர்கள் அதை வேறு வழியில் பழக வேண்டியிருக்கிறது. பலகையைச் சுவரில் சாய்த்து, நின்றுகொண்டு, பெரிய தாளில் வரைவதுதான் அந்த வழி.

தாளுக்கு நான் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகிறேன். மெட்ரோவில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். பயிற்சிக்கு நியூஸ்பிரின்ட் தாளே போதும், விலை மலிவு. சீக்கிரம் மஞ்சளாகும், ஆகட்டும். மை, கரி இரண்டுக்கும் 130 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) கார்ட்ரிட்ஜ் தாள் தாங்கும். மையில் தண்ணீர் கலந்து பூசப் போகிறீர்கள் என்றால் 300-க்குப் போங்கள், இல்லாவிட்டால் தாள் அலை அலையாக எழும்பிவிடும். முதல் நாளே விலையுயர்ந்த தாள் வாங்குவதை நான் எதிர்ப்பேன். தாள் விலை மனதில் இருக்கும் வரை கை கூசும்.

அலுவலகத்தில் நாள் முழுக்க நான் டைப் அடிப்பது கன்டெய்னர் எண்கள். நாலு எழுத்து, ஏழு இலக்கம், உலகம் முழுக்க இதே கணக்கு. கன்டெய்னர் அடுக்குகளை வரையும்போது அந்த எழுத்துகளையும் கொண்டுவந்து பார்த்தேன். வடிவமாக அழகாகத்தான் இருந்தன. ஆனால் தாளைப் பார்த்த ஒவ்வொருவரும் முதலில் அதைப் படித்தார்கள், படித்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இதற்குப் பதில் கிடைத்தது ஊரின் இன்னொரு கோடியில். சோழமண்டல ஓவியர் கிராமத்தை 1966-இல் முன்னின்று தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் எழுத்து போலவே தோன்றும் கோடுகளைப் பரப்பி வரைந்தார். ஏதோ ஏட்டுச்சுவடி, ஜாதகக் கட்டம் என்று தோன்றும். படிக்கப் போனால் பிடிகொடுக்காது. அதனால் கண் அங்கேயே சுற்றும். அதைப் பார்த்த பிறகு நான் எழுத்தை முழுசாக வைப்பதில்லை. மேல் பாதியை வெட்டுவேன், படுக்கப் போடுவேன், ஒரே ஒரு கீற்றை மட்டும் எடுத்து அடுக்குவேன்.

சோழமண்டலம் இருக்கும் ஈஞ்சம்பாக்கத்துக்கு நம் பக்கத்திலிருந்து போவது ஒரு வெளியூர்ப் பயணம்தான். இருந்தாலும் ஒருமுறையாவது போய் அசலைப் பாருங்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கண்காட்சி நடக்கும்போது எட்டிப் பாருங்கள். போனில் பார்க்கும் படத்துக்கு அளவே கிடையாது. உள்ளங்கை அளவும் சுவர் அளவும் ஒன்றாகத் தெரியும். அசலின் முன்னால் நிற்கும்போது முதலில் நாலு மூலைகளைப் பார்ப்பது என் வழக்கம். அனுபவம் உள்ளவர்கள் மூலையை எப்படி விட்டிருக்கிறார்கள் என்பதில் நிறையத் தெரிந்துவிடும். நம்முடைய தாள்களில் நடு இடம் பிரமாதமாக இருக்கும், மூலை நாலும் அனாதையாகக் கிடக்கும்.

"வரைய வராதவங்க பண்றதுதானே இது?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் ஆதிமூலத்தின் பெயரைச் சொல்வேன். 1850-இல் தொடங்கிய, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் நம் ஓவியக் கல்லூரியில் படித்தவர் கே.எம். ஆதிமூலம். 1969 காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு வெள்ளையில் காந்தியை வரிசையாக வரைந்தார். அந்தக் கோட்டில் எலும்பும் தோலும் நடையும் தெரியும். அரூபத்துக்கு அவர் போனது அதற்கப்புறம். காந்தி படங்களிலேயே கோடு உருவத்தை விட்டு வெளியே ஓடப் பார்ப்பதைக் கவனிக்கலாம் என்பது என் எண்ணம்.

ஸ்கேல் வைத்து வரைந்தால் அது ஓவியமா என்று தயங்குகிறவர்கள் நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். பரோடாவில் ஓவியம் கற்பித்த அவர், 1990-இல் இறந்தார். வரைபடக் கருவிகளை வைத்து, பென்சிலிலும் மையிலும், நிறமே இல்லாமல் மெல்லிய கோடுகள். கோடுகளின் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக மாறும்போதே தாளுக்குள் ஆழம் உண்டாகிவிடும். எண்ணூர் பக்கத்து மின்கோபுரங்களையும் கம்பிகளையும் பார்த்து இதை நான் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

கருத்துக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். என் வீட்டுக்காரரிடம் நான் கேட்பது: "முதல்ல கண்ணு எங்க போச்சு? அப்புறம் எங்க போச்சு? எங்க மாட்டிக்கிச்சு?" ஓவியம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதனாலேயே பதில் நேராக வரும். "இந்த மூலையில போய் நின்னுட்டேன், வெளிய வர முடியல" என்பார். அந்த மூலையில் நான் தேவைக்கு மேல் கறுப்பைக் குவித்திருப்பேன். ஆள் கிடைக்காத நாளில் போனில் சின்னதாகப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றும் ஒரே பங்காக இருந்தால் தாள் மந்தமாகத் தெரியும். ஏதாவது ஒன்று தூக்கலாக இருக்க வேண்டும்.

சரிவராத தாள்களைக் கிழிக்க வேண்டாம். 'ட' வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகளை எதிரெதிராக வைத்து நகர்த்தினால், பெரிய தாளுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு நல்ல பகுதி பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதை வெட்டி எடுத்து, பெரிய தாளில் ஏற்றி வரைந்தால் அடுத்த வேலை தொடங்கிவிடும். எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அடையாளம் இதுதான்: காலியாக இருக்கும் இடம் உறுத்த ஆரம்பித்து, அதை என்ன வைத்து நிரப்பலாம் என்று தேடத் தொடங்கினால், குச்சியைக் கழுவி வைத்துவிட்டுத் தாளைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிடுவேன். சில நாள் போகவர அது கண்ணில் படட்டும். கரி வேலை என்றால் கொடியில் வேண்டாம், பட்டர் பேப்பர் இடையில் வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். கடல் காற்று அடிக்கும் வீட்டில் ஜன்னலோரம் வைத்தால் ஈரம் ஏறிவிடும், தொட்ட இடமெல்லாம் தீற்றிக்கொள்ளும்.

வண்ணத்துக்கு நான் இன்னும் முழுசாகப் போகவில்லை. அலுவலக ஜன்னலுக்கு வெளியே சிவப்பும் நீலமும் ஆரஞ்சுமாக அடுக்கி நிற்கும் கன்டெய்னர்கள் தினமும் ஆசைகாட்டத்தான் செய்கின்றன. ஆனால் நிறம் வந்தவுடன் பலவீனமான கோடும் பார்க்க அழகாகிவிடுகிறது. நிறத்தோடு வரைந்ததைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்து, அப்போதும் நின்றால்தான் கணக்கில் சேர்க்கிறேன். வரும் தடைக்காலத்துக்கு மை பாட்டிலோடு துருக் காவியில் ஒரே ஒரு பாஸ்டல் மட்டும் பையில் இருக்கும். நீலத்தை வேண்டுமென்றே எடுத்துப் போகப்போவதில்லை. துறைமுகத்தில் உட்கார்ந்து நீலத்தைத் தொட்டால், எங்கே வைத்தாலும் பார்க்கிறவர்கள் அதைக் கடல் என்றுதான் சொல்வார்கள்.